அறியாமை எங்கே இருக்கிறது? அத்வைதம் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆத்மா என்னும் நம் உண்மை இயல்பும், எல்லாவற்றுக்கும் ஆதாரமான பிரம்மமும் இரண்டில்லை என்று சொல்லும் வேதாந்தத் தத்துவம் அத்வைதம். கோலாலம்பூரில் அதைப் படிக்க எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஒருவர் விவேகசூடாமணி என்ற வேதாந்த நூலை வாங்கச் சொல்வார். இன்னொருவர், புத்தகமெல்லாம் எதற்கு, கண்ணை மூடி உட்காருங்கள், தானாக வரும் என்பார். இருவரும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இருவருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்த அறியாமையைப் போக்க இவ்வளவு பாடு? இதைக் கேட்காமல் தொடங்கினால் பல வருடம் கழித்தும் கையில் வடமொழிச் சொற்கள்தான் சேர்ந்திருக்கும். அஞ்ஞானம் என்று இந்தத் தத்துவம் எதைச் சொல்கிறது என்று முதலில் பிடித்துக்கொண்டால், ஞானம் என்று அது எதைச் சொல்கிறது என்பது பாதி விளங்கிவிடும். இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது. சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் போதும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

முதல் படி: தகவல் குறைவையும் அறியாமையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயத்தில் நாரதர் சனத்குமாரரிடம் பாடம் கேட்க வருகிறார். உனக்கு என்ன தெரியும், முதலில் அதைச் சொல் என்கிறார் குரு. நாரதர் பட்டியல் போடுகிறார். நான்கு வேதங்கள், இதிகாச புராணம், இலக்கணம், கணிதம், நட்சத்திர சாஸ்திரம், போர்க்கலை என்று அது நீள்கிறது. கடைசியில், மந்திரங்கள் தெரிந்தவனாக இருக்கிறேன், ஆத்மாவைத் தெரிந்தவனாக இல்லை, ஆத்மாவை அறிந்தவன் துயரத்தைக் கடப்பான் என்று கேள்விப்பட்டேன், நான் துயரத்தில் இருக்கிறேன் என்கிறார்.

முண்டக உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே போய், நான்கு வேதங்களையும் அவற்றின் ஆறு அங்கங்களையும் சேர்த்தே அபர வித்தை, அதாவது கீழான அறிவு என்று ஒதுக்குகிறது. வேதமே வேதத்தை அந்த வரிசையில் வைக்கிறது. ஆகவே நிறையப் படித்தவர் அறியாமை நீங்கியவர் என்ற கணக்கு இங்கே செல்லாது. பட்டம் வாங்காத பாட்டிக்கும், பல்கலைக்கழகப் பேராசிரியருக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அறியாமைதான்.

அது என்ன அறியாமை? உபநிடதக் கருத்துகளைச் சுருக்கித் தரும் பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய அத்வைத ஆசிரியர் சங்கரர், முதல் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு சின்ன முன்னுரை எழுதுகிறார். அத்யாச பாஷ்யம் என்று அதற்குப் பெயர். அவர் காலம் பொதுவாக 8-ஆம் நூற்றாண்டு என்று கொள்ளப்படுகிறது. அந்த முன்னுரையில் அவர் சொல்வது இதுதான். அறிகிறவனும் அறியப்படும் பொருளும் ஒளியும் இருளும் போல வேறுபட்டவை. அப்படியிருந்தும் எல்லாரும் ஒன்றின் தன்மையை இன்னொன்றின் மேல் ஏற்றி, ‘நான் இது’, ‘இது என்னுடையது’ என்று பேசி வாழ்கிறோம். இந்த ஏற்றல்தான் அத்யாசம். இதையே அறிஞர்கள் அவித்தை என்கிறார்கள் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

அவர் தரும் உதாரணங்களைப் பாருங்கள். மனைவி மக்களுக்கு ஒரு குறை என்றால் ‘எனக்குக் குறை’ என்கிறோம். உடம்பு பருத்தால் ‘நான் பருத்துவிட்டேன்’, காது கேட்காவிட்டால் ‘நான் செவிடு’, மனத்தில் ஓர் ஆசை எழுந்தால் ‘நான் ஆசைப்படுகிறேன்’. வெளியிலிருந்து உள்ளே உள்ளே வந்துகொண்டே இருக்கிறார். இன்னோர் இடத்தில் மாட்டை இழுத்து வருகிறார். தடியை ஓங்கிக்கொண்டு வருபவனைக் கண்டால் மாடு விலகுகிறது, பசும்புல்லோடு வருபவனை நோக்கிப் போகிறது. படித்த மனிதனும் கத்தியோடு வருபவனைக் கண்டால் விலகி, இதமாக வருபவனிடம் போகிறான். இந்த விஷயத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை என்கிறார். இதைப் படித்துச் சிரிக்காதவர் குறைவு.

இரண்டாம் படி: ஒரு வாரம் குறிப்பேடு வையுங்கள்

புத்தகம் வாங்கும் முன் இதைச் செய்யலாம். செலவு கிடையாது. ‘நான்’ என்று தொடங்கி நீங்கள் சொல்லும் அல்லது நினைக்கும் வாக்கியங்களை ஒரு வாரம் எழுதி வையுங்கள். ஃபெடரல் ஹைவே நெரிசலில் ‘நான் டென்ஷனாகிவிட்டேன்’, மதியம் ‘எனக்குப் பசி’, அலுவலகத்தில் ‘நான் சூப்பர்வைசர்’, இரவில் ‘என்னால் முடிவெடுக்க முடியவில்லை’. எதுவும் பெரிதாக இருக்க வேண்டாம்.

வார இறுதியில் உட்கார்ந்து பிரியுங்கள். தைத்திரீய உபநிடதம் ஐந்து கோசங்களை, அதாவது ஆத்மாவை மூடிய உறைகளைச் சொல்கிறது. உடம்பைப் பற்றிய வாக்கியங்கள் அன்னமயம். பசி, தாகம், சோர்வு பிராணமயம். கோபம், கவலை மனோமயம். முடிவெடுப்பதும் ‘நான் செய்தேன்’ என்பதும் விஞ்ஞானமயம். சுகம் ஆனந்தமயம். எழுதிய வாக்கியங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த ஐந்தில் ஒன்றில் விழுந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. இந்த ஐந்தும் மாறியதை நீங்கள் அறிந்தீர்கள் அல்லவா? அறிந்தது எது? பதில் எழுத வேண்டாம். கேள்வியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சங்கரர் சொன்ன ஏற்றல் எங்கே நடக்கிறது என்று உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

மூன்றாம் படி: தெரியாது என்பது எப்படித் தெரிகிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். அத்வைதத்தின் நுட்பமான பகுதி இதுதான். பெரும்பாலான அறிமுக வகுப்புகள் இதை அவசரமாகக் கடந்துவிடுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பினாங்கில் வளர்ந்தும் அங்கே பேசப்படும் ஹொக்கியன் என்ற சீன மொழி பேசத் தெரியாதவர் ஒருவரிடம் ‘உங்களுக்கு ஹொக்கியன் தெரியுமா?’ என்று கேளுங்கள். உடனே ‘தெரியாது’ என்பார். இதைச் சொல்ல அவர் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை, ஊகிக்கவில்லை. பரீட்சை எழுதவும் இல்லை. கண், காது, அனுமானம் ஆகிய எந்த அளவைக் கருவியும் இல்லாமல் அவருடைய அறியாமை அவருக்கு நேராகத் தெரிகிறது. எந்த ஒன்றுக்கு அது தெரிகிறது? அத்வைதிகள் சாட்சி என்பார்கள். தெரிந்ததும் தெரியாததும் இரண்டுமே எந்த வெளிச்சத்தில் விளங்குகின்றனவோ அது சாட்சி.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். எழுந்ததும் ‘சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை’ என்கிறோம். ஒன்றும் தெரியாமல் இருந்ததை இப்போது நினைவுகூர வேண்டுமென்றால் அந்தத் தெரியாமை அப்போது அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். அனுபவிக்காததை நினைவுகூர முடியாது. எனவே அஞ்ஞானம் வெறும் இன்மை ஆகாது, ஏதோ ஒரு விதத்தில் தென்படும் ஒன்று என்று வாதிடுகிறார்கள். அது உண்மையிலேயே உள்ளது என்றால் ஞானத்தால் அழியக் கூடாது. முயற்கொம்பு போல இல்லாதது என்றால் தோன்றவே கூடாது. தோன்றவும் செய்கிறது, அழியவும் செய்கிறது. ஆகவே உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாதது, அநிர்வசனீயம்.

இதிலிருந்து புதியவர் மனத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஆத்மா அறிவே வடிவானது என்கிறீர்கள், அப்படியானால் அதில் அறியாமை எப்படி நிற்கும்? வெளிச்சத்தில் இருட்டு நிற்குமா? இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். அத்வைதிகளின் பதில் இது. அறிவு என்று இரண்டைச் சொல்கிறோம். ஒன்று, எப்போதும் இருக்கும் உணர்வாகிய சைதன்யம், சொரூப ஞானம். அது அறியாமைக்கு எதிரி இல்லை. ‘ஹொக்கியன் தெரியாது’ என்பதையே அதுதான் காட்டிக்கொடுக்கிறது. இன்னொன்று, விருத்தி ஞானம், அதாவது ஒரு பொருளைப் பற்றி மனத்தில் எழும் எண்ணமாகிய அறிவு. ஒரு பொருளைப் பற்றிய சரியான விருத்தி எழுந்தால் அந்தப் பொருளைப் பற்றிய அறியாமை போகும். ஹொக்கியன் கற்றால் ஹொக்கியன் பற்றிய அறியாமை மட்டும் போகும். ‘நான் யார்’ என்பதைப் பற்றிய சரியான விருத்தி எழுந்தால்தான் அந்த மூல அறியாமை போகும். அதை எழுப்புவதற்குத்தான் ‘அது நீ’ என்ற மகாவாக்கியம், அதாவது நீயே அந்தப் பிரம்மம் என்று சொல்லும் உபநிடத வாக்கியம். உத்தாலகர் மகன் சுவேதகேதுவுக்கு இதைச் சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் ஒன்பது முறை சொல்கிறார்.

நான்காம் படி: எது போக்கும், எது போக்காது

பத்துமலையில் 272 படி ஏறினால் அறியாமை போகுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்தவர்களும் கேட்பார்கள். இதற்கு அத்வைதம் தரும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். செயல் எதுவானாலும் அறியாமைக்கு நேர் எதிரி கிடையாது. செய்பவன் நான் என்ற எண்ணத்தின் மேல்தான் செயலே நிற்கிறது. அறிவு ஒன்றுதான் அறியாமையைப் போக்கும் என்று ஆத்மபோதம் என்ற அத்வைத நூல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

அதற்காகக் கோயிலும் விரதமும் வீண் என்று யாரும் சொல்லவில்லை. அவை மனத்தைத் தெளிவாக்கும். தெளிந்த மனத்தில்தான் மகாவாக்கியம் ஏறும். தைப்பூசத்துக்குப் போய்வந்து வகுப்பில் உட்காருங்கள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. தகுதி என்று நான்கைச் சொல்வார்கள். நிலையானது எது, நிலையற்றது எது என்று பிரித்தறியும் விவேகம், பற்றுக் குறைவு, மனவடக்கம் முதலான ஆறு குணங்கள், விடுதலை வேட்கை. நான்கும் நிறைந்த பிறகு வருகிறேன் என்று காத்திருந்தால் யாரும் வகுப்புக்கு வர முடியாது. கொஞ்சம் இருந்தால் போதும், தொடங்கலாம்.

ஐந்தாம் படி: பத்தாவது ஆளை மனத்தில் வையுங்கள்

கயிற்றில் பாம்பு தெரிந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். தொடங்குகிறவருக்குப் பத்தாவது ஆள் கதை அதைவிட உதவும். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பஞ்சதசி என்ற அத்வைத நூலின் ஏழாம் பகுதியில் இது விரிவாக வருகிறது. தமிழில் கைவல்ய நவநீதமும் எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். அக்கரையில் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒன்பதுதான் வருகிறது. ஒருவன் போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் வந்து, பத்தாவது ஆள் இருக்கிறான் என்கிறான். அப்புறம், நீதான் அந்தப் பத்தாவது ஆள் என்கிறான்.

இதில் ஏழு நிலைகளைக் காட்டுகிறார்கள். பத்தாவது ஆளைத் தெரியாமை அஞ்ஞானம். அவன் இல்லை என்ற மறைப்பு ஆவரணம். அழுகை விட்சேபம். இருக்கிறான் என்று கேட்டு நம்புவது பரோட்ச ஞானம். நானே என்று நேராக அறிவது அபரோட்ச ஞானம். அதன் பின் துயர நீக்கம், நிறைவு. இதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பிரம்மம் உண்டு என்று நம்புவதோடு நின்றவர்கள் நான்காவது நிலையில் இருக்கிறார்கள். அது குறைவானதில்லை. ஆனால் அழுகை அங்கே முழுதாக நிற்காது. தேடப்பட்டவன் புதிதாக எங்கிருந்தோ வந்து சேரவில்லை என்பதையும் கவனியுங்கள். தியானத்தில் ஓர் ஒளி தெரியும், ஓர் அனுபவம் ‘கிடைக்கும்’ என்று காத்திருப்பவர்கள் இந்தக் கதையை இரண்டு தடவை படிக்கலாம்.

ஆறாம் படி: உலகம் மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் உச்சி வெயிலில் பினாங்குக்கு வண்டி ஓட்டினால், தூரத்தில் தார்ச்சாலை மேல் தண்ணீர் பளபளக்கும். கானல் என்று தெரிந்த பிறகும் அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் யாரும் வைப்பரைப் போட மாட்டார்கள். ஞானிக்கு உலகம் அப்படித் தோன்றும் என்பதுதான் சம்பிரதாயத்தின் நிலை.

அத்வைதம் உண்மையை மூன்று தளங்களில் பேசுகிறது. கனவும் கானலும் பிராதிபாசிகம், அன்றாட உலகம் வியாவகாரிகம், பிரம்மம் பாரமார்த்திகம். தளத்தை மாற்றிப் பேசினால் குழப்பம்தான். ‘எல்லாம் மாயை’ என்று வீட்டுக் கடன் தவணையைக் கட்டாமல் இருந்து பாருங்கள், பேங்க் வியாவகாரிகத்தை நன்றாக விளக்கும். துக்க வீட்டில் போய் ‘ஆத்மாவுக்கு இறப்பில்லை’ என்று பேசுவதும் அதே தவறுதான். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஏழாம் படி: அறியாமை யாருடையது என்று கேளுங்கள், ஆனால் மாட்டிக்கொள்ளாதீர்கள்

பிரம்மம் ஒன்றே உண்மை என்றால் அறியாமை யாருக்கு? அத்வைதத்தை மறுத்த இராமானுஜர், ஸ்ரீபாஷ்யம் என்ற தம் பிரம்ம சூத்திர உரையில் அவித்தைக் கொள்கைமேல் ஏழு ஆட்சேபங்களை அடுக்குகிறார். அவற்றில் முதன்மையானது இது. அத்வைதிகளுக்குள்ளேயே இரண்டு பதில்கள் உண்டு. வாசஸ்பதி மிச்ரரின் பாமதி வழியினர் ஜீவனிடம் என்பார்கள். பிரகாசாத்மரின் விவரண வழியினர் பிரம்மத்திடமே என்பார்கள். பல நூற்றாண்டுச் சண்டை. முதல் வருடத்தில் நீங்கள் இதில் இறங்க வேண்டாம்.

சங்கரர் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாய உரையில் இதைக் கையாளும் விதம் சுவையானது. அவித்தை யாருக்கு என்று கேட்பவனிடம், யாருக்குத் தென்படுகிறதோ அவனுக்கு என்கிறார். யாருக்குத் தென்படுகிறது என்று மறுபடி கேட்டால், அந்தக் கேள்விக்கே பொருளில்லை, அவித்தையைப் பார்க்கிறாய் என்றால் அதை உடையவனையும் பார்க்கத்தானே செய்கிறாய் என்கிறார். மூன்றாம் படியில் சொன்ன சாட்சியை விட்டுவிடாமல் இதைப் படியுங்கள். ரமணர் 1928-இல் பாடிய உள்ளது நாற்பதின் பத்தாவது பாட்டும் இங்கேதான் வந்து சேர்கிறது. அறிவு அறியாமை இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று இல்லை, இரண்டும் யாருக்கு என்று அந்த முதலாகிய தன்னை அறிவதே அறிவு என்பது அதன் கருத்து.

எட்டாம் படி: சைவ சித்தாந்தத்தோடு கலக்காதீர்கள்

நம் ஊரில் இது முக்கியம். மலேசியத் தமிழர்களில் பலர் திருமுறை வகுப்பிலும் முருகன் கோயிலிலும் வளர்ந்தவர்கள். ஆணவ மலமும் அவித்தையும் ஒன்றுதானே என்று நினைப்பது இயல்பு. ஒன்றில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த சிவஞானபோதமும் அதன் வழி நூல்களும் சொல்லும் ஆணவம் உண்மையான பொருள். செம்பில் களிம்பு போல உயிரோடு தொன்றுதொட்டு இருப்பது. முத்தியிலும் அது அழியாது, சக்தி மட்டும் அடங்கும். அடக்குவது சிவன் அருள். உயிர்கள் பல, அவை சிவன் ஆவதில்லை. அத்வைதத்தில் அவித்தை ஞானம் வந்ததும் நில்லாது. உயிர்கள் பல என்பதும் அத்தோடு போகும். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் மறுத்திருக்கின்றன. இரண்டையும் படியுங்கள், ஆனால் இரண்டு நோட்டில் எழுதுங்கள். சித்தாந்த ஆசிரியர் ஒருவரிடம் அத்வைதத்தைக் குறை சொல்லக் கேட்பது நல்ல பயிற்சி. பலவீனமான இடங்களை அவர்தான் சரியாகக் காட்டுவார்.

ஒன்பதாம் படி: எதைப் படிப்பது, எங்கே படிப்பது

தமிழில் முதல் நூல் என்றால் நான் கைவல்ய நவநீதத்தைத்தான் சொல்வேன். நன்னிலம் தாண்டவராய சுவாமிகள் எழுதியது. தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதல் படலம் என்று இரண்டு பகுதி. இரண்டாவதில் சீடன் கேட்கும் கேள்விகள் நீங்கள் கேட்க நினைத்தவையாகவே இருக்கும். உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். செய்யுள் கடினமாக இருந்தால் ரமணரின் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகத்தில் தொடங்கலாம். சிவப்பிரகாசம் பிள்ளை 1902 வாக்கில் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய பதில்கள் அதில் இருக்கின்றன. சொற்களுக்குப் பொருள் பிடிபட தத்துவபோதம் உதவும். விவேகசூடாமணி அருமையான நூல். ஆனால் சங்கரர் எழுதியதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தனி நூல்களில் உபதேச சாஹஸ்ரீதான் அவருடையது என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. பிரம்ம சூத்திர உரையை ஆசிரியர் இல்லாமல் திறக்காதீர்கள். அத்யாச பாஷ்யத்தை மட்டும் மொழிபெயர்ப்பில் பார்க்கலாம்.

இந்தப் படிப்புக்கு இந்த மண் புதிதில்லை. விவேகானந்தர் 1893-இல் சிக்காகோவுக்குப் போன கப்பல் பினாங்கில் நின்றது. ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கிய சிவானந்தர் அதற்கு முன் 1913 முதல் 1923 வரை மலாயாவில் சிரம்பானிலும் ஜொகூரிலும் மருத்துவமனை வேலை பார்த்தவர். பத்துமலையில் சிவானந்த ஆசிரமம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமம், பெட்டாலிங் ஜெயாவில் ராமகிருஷ்ண மிஷன், பினாங்கில் ஸ்காட்லண்ட் ரோட்டில் ராமகிருஷ்ண ஆசிரமம். கோலாலம்பூரில் சின்மயா மிஷனும் உண்டு. வகுப்பு இருக்கிறதா, எந்த மொழியில், எந்த நூல் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அவை மாறிக்கொண்டே இருக்கும்.

வகுப்பைத் தேர்வு செய்யும்போது மூன்றைப் பாருங்கள். ஒரு நூலை முதலிலிருந்து கடைசி வரை நடத்துகிறாரா? கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா? தான் யாரிடம் படித்தேன் என்று சொல்கிறாரா? ஒரு வார இறுதியில் அவித்தையை எடுத்துவிடுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கும் முகாம்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது மூன்று. கேட்டல், சிந்தித்தல், நிலைத்தல். பிருகதாரணியகத்தில் யாக்ஞவல்கியர் மைத்ரேயிக்குச் சொன்ன வரிசை. ஒவ்வொன்றும் ஒரு தடையை நீக்குகிறது. நூல் உண்மையில் இதைத்தான் சொல்கிறதா என்ற ஐயம் கேட்பதால் போகும். சொல்வது நடக்கக்கூடியதா, தர்க்கத்துக்கு நிற்குமா என்ற ஐயம் சிந்திப்பதால் போகும். எல்லாம் புரிந்தும் பழக்கத்தால் ‘நான் இந்த உடம்பு’ என்று திரும்பத் திரும்ப எழும் எண்ணம் நிலைத்தலால் போகும். வகுப்பிலிருந்து வந்ததும் எந்தத் தடையில் நிற்கிறீர்கள் என்று பார்த்து, அதற்குரியதைச் செய்யுங்கள். நூலே புரியாதவர் மணிக்கணக்கில் கண்மூடி உட்கார்ந்து பயனில்லை. வாதமெல்லாம் தெளிந்தவர் இன்னொரு புத்தகம் வாங்கியும் பயனில்லை. அவர் பழைய குறிப்பேட்டையே மறுபடி எடுக்கலாம்.